மூன்று கட்டத்துக்கு ஒரு முழுப் புத்தகம்

அமெரிக்காவில் பழைய செய்தித்தாள் காமிக்ஸ் ஒன்றைப் பற்றிப் புதிதாகப் புத்தகம் வந்தால், நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ புத்தகக் கடையிலோ எழுதியவரை அழைத்து விழா வைக்கிறார்கள். ஆசிரியர் பேசுவார், திரையில் படம் காட்டுவார், கேள்விகளுக்குப் பதில் சொல்வார், வரிசையில் நிற்பவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவார். வரையத் தெரிந்தவராக இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு படமும் கிடைக்கும். இதைக் கேள்விப்படுகிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். காலையில் பேப்பரைப் புரட்டும்போது ஐந்து நொடியில் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிற மூன்று கட்டப் படம்தானே? அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத அப்படி என்ன இருக்கிறது?

நியாயமான சந்தேகம்தான். பொதுவாகப் பதில் சொன்னால் பிடிபடாது. ஒரே ஒரு தொடரை, அதிலும் ஒரே ஒரு நாள் வந்த படத்தை வைத்துக்கொண்டு பேசலாம். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

தொடரின் பெயர் நான்சி. வரைந்தவர் எர்னி புஷ்மில்லர். 1905இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். இரவில் ஓவிய வகுப்பு. அந்தப் பத்திரிகை உலகத்தில் ஃபிரிட்ஸி ரிட்ஸ் என்றொரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நாகரிகமான ஓர் இளம்பெண்ணின் கதை. லாரி விட்டிங்டன் என்பவர் 1922இல் தொடங்கியது. அவர் விலகியதும் 1925இல் அது புஷ்மில்லர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை என்று சொல்லலாம். 1933 ஜனவரியில் ஃபிரிட்ஸியின் அண்ணன் மகளோ அக்கா மகளோ, உறவு முறையாக நான்சி என்ற சிறுமியைப் புஷ்மில்லர் அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தார். முள்முள்ளாக நிற்கும் முடி, அதில் ஒரு ரிப்பன், உருண்டைக் கன்னம். வந்த பெண் வீட்டையே எடுத்துக்கொண்டாள். 1938இல் தொடரின் பெயரே நான்சி என்று மாறிவிட்டது. அதே ஆண்டு ஸ்லக்கோ என்ற மொட்டைத்தலைப் பையனும் வந்து சேர்ந்தான். புகழின் உச்சத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் நான்சி வெளியானது. புஷ்மில்லர் 1982இல் இறந்தார். தொடர் வேறு கைகளுக்குப் போனது.

இவ்வளவு பரவியும் மரியாதை மட்டும் கிடைக்கவில்லை. படித்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் என்று தங்களைக் கருதிக்கொண்டவர்கள் நான்சியை அசட்டுத் தொடர் என்று ஒதுக்கினார்கள். அரசியல் கிடையாது, தத்துவம் கிடையாது, தொடர்ந்து ஓடும் கதை கிடையாது. ஒரு நாள், ஒரு வேடிக்கை, முடிந்தது. வாலி வுட் என்ற ஓவியர் சொன்னதாக ஒரு கிண்டல் உண்டு: நான்சியைப் படிக்காமல் விடலாம் என்று நீங்கள் முடிவு எடுப்பதற்குள் அதைப் படித்து முடித்திருப்பீர்கள் என்ற பொருளில். கேலி மாதிரி இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால், ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்ன கிடைத்துவிடப் போகிறது?

அந்தக் கிண்டலுக்குள் இருந்த கேள்வியைப் பிடித்துக்கொண்டவர்கள் பால் கராசிக், மார்க் நியூகார்டன் என்ற இருவர். இருவருமே காமிக்ஸ் போடுகிறவர்கள். நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் ஆர்ட் ஸ்பீகல்மேன் என்ற காமிக்ஸ் ஓவியரிடம் படித்தவர்கள். 1988இல் நான்சி பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஒரே ஒரு நாள் படத்தை எடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று கூறு கூறாகப் பிரித்துக் காட்டிய கட்டுரை. காமிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற வகுப்புகளில் அதை நகலெடுத்து நகலெடுத்துப் படித்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 2017இல், ஃபான்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் வழியாக அதையே முழுப் புத்தகமாக்கினார்கள். பெயர் 'ஹவ் டு ரீட் நான்சி'. 276 பக்கம். அடுத்த ஆண்டு காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதும் கிடைத்தது. அவ்வளவு பக்கமும் சுற்றிச் சுற்றி வருவது 1959 ஆகஸ்ட் 8ஆம் தேதி வெளியான மூன்று கட்டங்களைத்தான்.

அந்த மூன்று கட்டங்களில் நடப்பதைச் சொல்கிறேன். ஸ்லக்கோ இடுப்பில் உறை கட்டிக்கொண்டு கௌபாய் விளையாட்டு விளையாடுகிறான். கையில் தண்ணித் துப்பாக்கி. முதல் கட்டத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தை ஒன்றிடம், கௌபாய் படத்து வில்லனை அழைப்பது மாதிரி, துப்பாக்கியை எடு பார்க்கலாம் என்று சவால் விட்டு முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சுகிறான். இரண்டாம் கட்டத்தில் இன்னொரு குழந்தை. அதே சவால், அதே பீய்ச்சல். மூன்றாவதில் நான்சி நிற்கிறாள். அதே சவால். ஆனால் நான்சியின் இடுப்பு உறையில் இருப்பது துப்பாக்கி அல்ல, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயின் முனை. குழாயின் மறுமுனை வீட்டுச் சுவரில் இருக்கும் பைப்பில் மாட்டியிருக்கிறது. அவ்வளவுதான் கதை.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். கராசிக்கும் நியூகார்டனும் போகவில்லை. இந்தப் படத்தில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு அத்தியாயங்களாக்கி வைத்தார்கள். வசன பலூன்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தால் என்ன தெரிகிறது? கறுப்பு மை அப்பிய இடங்களை மட்டும் பார்த்தால்? கட்டத்தின் ஓரக்கோட்டை மட்டும்? புத்தகத்தில் அந்தந்த அத்தியாயத்துக்கு அந்தந்தப் பொருள் மட்டும் தனியாக அச்சாகியிருக்கும். கடிகாரக் கடைக்காரர் ஒரு துணியை விரித்துப் பல்சக்கரங்களை வரிசையாக எடுத்து வைப்பாரே, அந்த மாதிரி வேலை.

நாமும் இரண்டு மூன்று சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கலாம்.

முதலில், ஏன் இரண்டு குழந்தைகள்? ஒரு குழந்தை மட்டும் நனைந்திருந்தால் அது ஒரு சம்பவம். இரண்டாவது குழந்தையும் நனைந்தால்தான் பயலுக்கு இதுவே வழக்கம் என்று நமக்குப் படுகிறது. வழக்கம் என்று ஆன பிறகுதான் மூன்றாவது கட்டத்தில் அது முறிவதற்கு ருசி வருகிறது. இன்னொரு குழந்தையைச் சேர்த்திருந்தால் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது, தாமதம்தான் ஆகியிருக்கும். மூன்று கட்டத்திலும் வசனம் அப்படியே திரும்ப வருவதும் இதற்காகத்தான். வசனம் மாறியிருந்தால் நாம் அதைப் படிக்க நின்றிருப்போம். மாறாததால் கண் வசனத்தைத் தாண்டி, மாறிய ஒரே பொருளின் மேல், அதாவது குழாயின் மேல், நேராகப் போய் விழுகிறது.

அடுத்து, குழாய் ஏன் உறைக்குள் இருக்கிறது? நான்சி குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், அவள் தண்ணீர் அடிக்கப் போகிற ஒரு சிறுமி, வேறொன்றுமில்லை. உறைக்குள் செருகிய அந்த நொடியில் குழாய் துப்பாக்கி ஆகிவிடுகிறது, அவள் ஸ்லக்கோவின் விளையாட்டுக்குள்ளேயே, அவன் விதிப்படியே, அவனை மடக்குகிறவள் ஆகிவிடுகிறாள். சிரிப்பு பிறப்பது தண்ணீரில் இல்லை, ஒரு பொருள் இரண்டு பொருளாகத் தெரிகிற அந்த இடத்தில்.

சுவரில் இருக்கும் பைப் எதற்கு? அதைப் போடாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அது இல்லாவிட்டால் குழாய் வெறும் ரப்பர் துண்டு. அதில் தண்ணீர் இருக்கிறதா என்று மனசின் ஓரத்தில் ஒரு கேள்வி நிற்கும். கேள்வி நின்ற இடத்தில் சிரிப்பு நிற்காது. பைப்பைப் பார்த்ததும் வீட்டுத் தொட்டி, தெருக் குழாய், ஊர்த் தண்ணீர் எல்லாம் நான்சி பக்கம் சேர்ந்துவிட்டது போல ஆகிவிடுகிறது. ஸ்லக்கோ கையில் இருப்பதோ இரண்டு மடக்குத் தண்ணீர்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, புஷ்மில்லர் வரையாமல் விட்டது. ஸ்லக்கோ நனையவே இல்லை. நான்சி இன்னும் குழாயை உருவவும் இல்லை. அடுத்து நடக்கப் போவது நமக்குத் தெரியும், ஆனால் அது படத்தில் இல்லை. நாலாவது கட்டம் வாசகரின் தலைக்குள் ஓடுகிறது. ரப்பர் குழாய் வேடிக்கை ஒன்றும் புதியதல்ல. லூமியேர் சகோதரர்கள் 1895இல் திரையிட்ட தோட்டக்காரர் துண்டுப்படம்தான் சினிமாவின் முதல் நகைச்சுவைகளில் ஒன்று. ஒரு பையன் குழாயை மிதித்து நீரை நிறுத்துகிறான், தோட்டக்காரர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார், பையன் காலை எடுக்கிறான். அதற்கும் முன்னால் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அதே வேடிக்கை படக்கதையாக வந்திருந்தது. அங்கெல்லாம் முகத்தில் தண்ணீர் அடிப்பதுதான் முடிவு. புஷ்மில்லர் அதற்கு ஒரு கணம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

காலமும் இதில் ஒரு சக்கரம்தான். 1959இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் திரும்பின பக்கமெல்லாம் கௌபாய் தொடர்கள். பொம்மைத் துப்பாக்கியும் இடுப்பு உறையும் இல்லாத பையனைப் பார்ப்பது அரிது. அதனால் ஸ்லக்கோவின் வேடத்துக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்படாத விளக்கத்தைச் சொல்லாமல் விடுவதும் ஒரு திறமை.

இதெல்லாம் புஷ்மில்லர் யோசித்துத்தான் செய்தாரா, இல்லை நாம் ஏற்றிச் சொல்கிறோமா? இந்தக் கேள்வி எந்த விழாவிலும் எழும். அவர் வேலை செய்த முறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். அவர் கடைசிக் கட்டத்தில் இருந்து தொடங்குவார். முடிவு முதலில். அந்த முடிவுப் படத்தை அவர் 'ஸ்னாப்பர்' என்று அழைத்தார். அது கிடைத்த பிறகு, அதற்குப் போய்ச் சேரக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்று பின்னோக்கி வருவார். இப்படி வேலை செய்கிறவர் கட்டத்துக்குள் எதையும் சும்மா வைக்க மாட்டார். அவருக்கு ஹாலிவுட் பயிற்சியும் உண்டு. 1930களின் தொடக்கத்தில் ஹரால்டு லாய்டு படங்களுக்கு வேடிக்கைக் காட்சிகள் யோசித்துத் தரும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தார். பேச்சில்லாத படத்தில் பெயர் வாங்கிய நடிகருக்காக யோசித்தவருக்கு, பொருளை வைத்துச் சிரிக்கவைப்பது கைவந்ததில் ஆச்சரியமில்லை.

அச்சுத் தொழிலின் நெருக்கடியும் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு வந்ததும் செய்தித்தாள்கள் காமிக்ஸின் அளவைக் குறைத்தன. குறைத்தவர்கள் பிறகு பழைய அளவைத் திருப்பித் தரவில்லை. நுணுக்கமாகக் கோடு போட்டு வரைந்த சாகசத் தொடர்கள் அந்தச் சின்ன இடத்தில் மூச்சுத் திணறின. நான்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. தபால் தலை அளவுக்குச் சுருக்கினாலும் அந்த முள்முடி தெரியும். 1950இல் சார்லஸ் ஷூல்ஸின் பீனட்ஸ் வந்தபோது, இடத்தை மிச்சப்படுத்தும் தொடர் என்றே அதைப் பத்திரிகைகளிடம் விற்றார்கள் என்பதைப் பார்த்தால், சிக்கனம் அன்று எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

நான்சி ரசிகர்களிடம் புழங்கும் ஒரு பேச்சு உண்டு: மூன்று கற்கள். வெளிப்புறக் காட்சி என்றால் புஷ்மில்லர் தரையில் உருண்டையாக மூன்று கற்களைப் போடுவார். ஏன் மூன்று என்று ஸ்பீகல்மேன் விளக்கியதை ஸ்காட் மெக்ளவுட் என்ற காமிக்ஸ் ஓவியர் எடுத்துச் சொல்லிப் பரப்பினார். அதன் சாரம் இதுதான்: ஒன்று போட்டால் அது ஒரு கல், இரண்டு போட்டால் ஜோடி, நாலு போட்டால் தேவைக்கு அதிகம், 'சில கற்கள்' என்று காட்ட மூன்று போதும். குழந்தைகள் இரண்டு, கற்கள் மூன்று. கணக்கு வேறு, கொள்கை ஒன்று. எது போதுமோ அதற்கு மேல் ஒரு கோடுகூட இல்லை. பில் கிரிஃபித் என்ற ஓவியர் 2023இல் புஷ்மில்லரின் வாழ்க்கை வரலாற்றை முழுக்கக் காமிக்ஸ் வடிவிலேயே வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயரும் 'மூன்று கற்கள்'தான்.

அசட்டுத் தொடர் என்று ஒதுக்கியவர்களுக்கு நடுவில் ஓவியர்கள் வேறு மாதிரிப் பார்த்தார்கள். ஆண்டி வார்ஹோல் 1961இல் நான்சியை ஓவியமாக வரைந்தார். ஜோ பிரெய்னார்டு நான்சியை வைத்து ஒரு படவரிசையே செய்தார். அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி, காமிக் ஸ்ட்ரிப் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உதாரணமாகப் போட்டதும் ஒரு நான்சி படம்தான். 1976இல் அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட்டுகளின் ரூபன் விருது புஷ்மில்லருக்கு வந்தது. அவர் அந்தத் தொடரைக் கையில் எடுத்து ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டிருந்தது.

இப்படி ஒரு புத்தகம் எழுத வேண்டுமென்றால் பழைய படங்கள் கிடைக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல். செய்தித்தாள் மறுநாள் மீன் மடிக்கப் போய்விடும். நூலகங்கள் பத்திரிகைகளைத் தைத்துக் கட்டி வைத்திருந்தன. பிறகு, இடமில்லை, காகிதம் பொடிகிறது என்று சொல்லி மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு அசலைத் தள்ளிவிடத் தொடங்கின. மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் வண்ணமெல்லாம் அதோடு போயிற்று. மெல்லிய கோடுகளும் அப்பிக்கொண்டன.

1960களின் பிற்பகுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பில் பிளாக்பியர்ட் என்பவர் காமிக்ஸ் வரலாறு எழுதப் போய் இதைக் கண்டார். தள்ளிவிடுகிற கட்டுகளைத் தனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். தனி ஆளுக்குத் தர முடியாது, நிறுவனத்துக்குத்தான் தரலாம் என்று பதில் வந்தது. உடனே சான் ஃபிரான்சிஸ்கோ அகாடமி ஆஃப் காமிக் ஆர்ட் என்று லாப நோக்கில்லாத நிறுவனம் ஒன்றைப் பதிவுசெய்தார். அகாடமி இருந்தது அவர் வீட்டில்தான். நாடெங்கும் இருந்து கட்டுகள் வந்து குவிந்தன. அவர் வெட்டி, வரிசைப்படுத்தி, அடுக்கிக்கொண்டே இருந்தார். 1998இல் அந்தத் தொகுப்பு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது எடை 75 டன். ஆறு பெரிய டிரெய்லர் லாரிகள் தேவைப்பட்டன. கொலம்பஸ் நகரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் இன்று அது இருக்கிறது. இன்று அமெரிக்கப் பழைய காமிக்ஸ் பற்றி வருகிற பல நூல்களுக்கு அடியில் இந்த மாதிரி ஒருவருடைய பிடிவாதம் இருக்கிறது. அதே நூலகம் 2024 மே மாதத்தில் நான்சிக்கென்றே கண்காட்சி வைத்து, இரண்டு நாள் விழாவும் நடத்தியது.

விழாவுக்கு வருவோம். கவிதை நூல் என்றால் ஆசிரியர் இரண்டு கவிதை வாசிப்பார், நாவல் என்றால் ஓர் அத்தியாயம். காமிக்ஸை வாய்விட்டு வாசிக்க முடியாது. 'ஒரு பையன் தண்ணித் துப்பாக்கியோடு நிற்கிறான்' என்று சொல்லத் தொடங்கினாலே வேடிக்கை செத்துவிடும். சற்று முன் நானே உங்களுக்கு அதைச் செய்து காட்டினேன். அதனால் இத்தகைய விழாவின் உயிர் திரையில் இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் அச்சான படம் சுவர் அளவுக்கு விரிகிறது. பேனா எங்கே அழுந்தியது, வரைந்தவர் எங்கே வெள்ளை மை பூசித் திருத்தினார் என்பதெல்லாம், அசல் பலகையைப் படம் பிடித்திருந்தால், கண்ணுக்குத் தெரியும். தனியாகப் பார்த்துப் பழகிய ஒன்றைப் பத்துப் பேரோடு உட்கார்ந்து, ஆசிரியர் சொல்கிற வேகத்தில் பார்க்கிற வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது.

புத்தகத்தின் தரத்தையும் அதே வேகத்தை வைத்து அளக்கலாம் என்பது என் கட்சி. பழைய தொடர்களைப் பற்றி வரும் நூல்கள் பல வகை. எல்லாப் படங்களையும் தேதிவாரியாகத் தொகுப்பது ஒன்று; பீனட்ஸ் முழுத் தொகுப்பு 2004 முதல் 2016 வரை 26 தொகுதிகளாக அப்படித்தான் வந்தது. வரைந்தவரின் வாழ்க்கையைச் சொல்வது ஒன்று. பழைய நினைவுகளைப் புகழ்ந்து பேசுவது ஒன்று. இது சுலபம், விற்கவும் செய்யும், ஆனால் படித்து முடித்த பிறகு தொடரைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. நல்ல நூல் புகழ்வதைக் குறைத்துக்கொண்டு நம் கண்ணின் ஓட்டத்தைக் குறைக்கும். ஐந்து நொடியில் தாண்டியதை ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்க்கவைக்கும். ஒருமுறை அப்படிப் பார்த்த கண், மறுநாள் வேறு எந்தத் தொடரைப் பார்த்தாலும் கூடுதலாக எதையாவது பிடித்துவிடும்.

புத்தகம் இல்லாமலும் பழகலாம். அடுத்த முறை பேப்பரில் ஒரு காமிக்ஸ் கண்ணில் பட்டால் கடைசிக் கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு முடிவை ஊகித்துப் பாருங்கள். பிறகு வசனங்களை மூடிப் பாருங்கள். படம் மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று தெரியும். அடுத்ததாக ஒரு பொருளை மனசுக்குள் அழித்துப் பாருங்கள், அந்தப் பைப்பை அழித்த மாதிரி. அழித்தும் வேடிக்கை குலையவில்லை என்றால் அது அங்கே தண்டமாக இருந்தது. குலைந்தது என்றால் வரைந்தவர் யோசித்திருக்கிறார்.

இத்தகைய விழா ஒன்றுக்குப் போக வாய்த்து, கேள்வி கேட்கச் சொன்னால், இந்தத் தொடரை ஏன் விரும்புகிறீர்கள் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்குப் பதில் எல்லோரிடமும் தயாராக இருக்கும். இத்தனை ஆண்டு ஓடிய தொடரில் ஒரே ஒரு நாள் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள், அதில் எந்தக் கோட்டை எடுத்தால் படம் விழுந்துவிடும் என்று கேளுங்கள். ஆசிரியர் யோசிக்காமல் தேதியைச் சொல்லி, கோட்டையும் காட்டினால், தாராளமாகக் காசு கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கலாம்.